ஒரு வரியில் அடங்கிய மரணங்கள்: ஈம் கிராமத்தின் அடக்கப் பதிவேடு



ஆதியாகமம் 35-ஆம் அதிகாரத்தில், யாக்கோபின் பயண வரலாற்றின் நடுவே, ஒரு மரணச் செய்தி தனித்து நிற்கிறது. ரெபெக்காளின் தாதியாகிய தெபொராள் மரித்தாள் என்றும், பெத்தேலுக்கு அருகே ஒரு கர்வாலி மரத்தின்கீழ் அவளை அடக்கம் செய்தார்கள் என்றும், அந்த மரத்துக்கு அழுகையின் பெயரே பெயராயிற்று என்றும் எட்டாம் வசனம் கூறுகிறது. ஆனால் அவளுடைய எஜமானியாகிய ரெபெக்காள் எப்போது, எவ்வாறு மரித்தாள் என்பதை வேதம் எங்கும் விவரிக்கவில்லை. யாக்கோபு தன் மரணப்படுக்கையில் மக்பேலா குகையில் அடக்கம்பண்ணப்பட்டோரைப் பெயர் சொல்லி நினைவுகூரும்போதுதான் அவளும் அங்கே இருக்கிறாள் என்று அறிகிறோம். பணிப்பெண்ணுக்கு மரணக் குறிப்பு உண்டு, இல்லத்தலைவிக்கு இல்லை. பழைய மரணப் பதிவுகளைத் தேடுகிறவர்களுக்கு இது வியப்பாயிராது. ஏடுகள் யாரை வைத்திருக்கின்றன, யாரை விட்டுவிட்டன என்பதற்கு நாம் எதிர்பார்க்கும் ஒழுங்கு எதுவும் இல்லை.

இந்த எண்ணம் எனக்கு எழக் காரணம் நம் சபையின் சகோதரி ஒருவர். சென்ற மாதம் அவர் தம் பாட்டனாரின் அடக்கப் பதிவைத் தேடி வந்தார். வாரிசுரிமை தொடர்பான ஒரு காரியத்துக்கு அது தேவையாயிருந்தது. பழைய பதிவேட்டை வெளியே எடுத்தோம். முதல் நாற்பது பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. எஞ்சிய தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கையில் அந்தப் பத்திகளின் அமைப்பு என் கண்ணை நிறுத்தியது: இறந்தவரின் பெயர், வசிப்பிடம், அடக்கம்பண்ணப்பட்ட நாள், வயது, ஆராதனையை நடத்தினவர். இந்த ஐந்தும் இங்கிலாந்தின் நாடாளுமன்றம் 1812-இல் இயற்றிய ஒரு சட்டத்தின் அட்டவணையிலிருந்து வந்தவை. ஜார்ஜ் ரோஸ் என்னும் உறுப்பினர் கொண்டுவந்ததால் அதை ரோஸ் சட்டம் என்பார்கள். 1813 ஜனவரி முதல் நாளிலிருந்து அந்நாட்டின் ஒவ்வொரு சேகரமும், பக்கத்துக்கு எட்டுப் பதிவுகள் வீதம் அச்சிட்ட புத்தகத்தில் அடக்கங்களை எழுதவேண்டியதாயிற்று. அங்கிருந்து ஆங்கிலத் திருச்சபை சென்ற இடமெல்லாம் அந்த வடிவமும் சென்றது.

அந்த வடிவத்தின் ஊற்றைத் தேடிச் சென்ற வாசிப்பு என்னை டெர்பிஷயர் என்னும் மாவட்டத்துக்குக் கொண்டுபோயிற்று. இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள மலைப்பாங்கான நாட்டுப்புறம் அது. ஆடு மேய்ச்சலும் ஈயச் சுரங்கங்களும் அதன் பழைய பிழைப்பு. அங்கே ஒரு கிராமம் இருக்கிறது. எழுத்துக் கூட்டி வாசித்தால் 'எயாம்' என்று வரும். அவ்வூரார் 'ஈம்' என்றே சொல்லுகிறார்கள். நம் மொழியில் ஈமம் என்றால் என்ன பொருள் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. சொற்களுக்குள் உறவு ஏதும் இல்லை. ஆயினும் அந்தக் கிராமத்தின் கதையை அறிந்த தமிழர் எவரும் அந்த ஒலியைக் கேட்டு ஒரு கணம் நின்றுவிடுவார்.

மரபு சொல்வது இது. 1665-ஆம் ஆண்டு கோடையின் பிற்பகுதியில், கொள்ளைநோய் பரவியிருந்த லண்டனிலிருந்து அவ்வூர்த் தையற்காரர் ஒருவர் வீட்டுக்குத் துணிப்பெட்டி ஒன்று வந்தது. அங்கே வேலை பார்த்துவந்த ஜார்ஜ் விக்கர்ஸ் ஈரமாயிருந்த துணியை விரித்து அனல்முன் உலர்த்தினார். அவர் அடக்கம்பண்ணப்பட்ட நாள் செப்டம்பர் 7. அதற்கடுத்த பதினான்கு மாதங்களில் அந்தச் சிற்றூரில் ஏறக்குறைய 260 பேர் மடிந்தார்கள். ஊரின் சேகர குரு வில்லியம் மொம்பெசனும், 1662-இன் சட்டத்தை ஏற்காததால் பதவி இழந்திருந்த முன்னாள் போதகர் தாமஸ் ஸ்டான்லியும் தங்கள் பிணக்கை மறந்து ஒன்றுபட்டு, ஊரைவிட்டு ஒருவரும் வெளியேறாதபடி ஜனங்களை இணங்கச் செய்தார்கள். அயலூரார் எல்லைக்கல்லருகே உணவை வைத்துப் போவார்கள். அதற்குரிய காசு காடியில் இட்டு வைக்கப்பட்டிருக்கும். ஆலயத்தின் கதவு மூடப்பட்டது. ஆராதனை ஒரு பள்ளத்தாக்கின் திறந்தவெளியில் நடந்தது. கல்லறைத் தோட்டத்துக்குச் சடலங்களைச் சுமந்து வருவதும் நிறுத்தப்பட்டது. அவரவர் தத்தம் மரித்தோரைத் தத்தம் தோட்டத்திலும் வயலிலும் புதைத்தார்கள்.

இந்தக் கடைசிச் செய்தியைக் கவனியுங்கள். வயலில் புதைக்கப்பட்டவர்களில் பலருக்குக் கல் இல்லை. கல் இருந்தாலும் முந்நூறு ஆண்டு உழவுக்கும் மேய்ச்சலுக்கும் தப்பி நிற்பது அரிது. அவர்கள் வாழ்ந்தார்கள், மரித்தார்கள் என்பதற்குப் பதிவேட்டின் ஒரு வரியே சாட்சி. அந்த வரி நம்மிடம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைப் பார்ப்போம்.

எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-இல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு சேகரமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் வாரந்தோறும் ஒரு புத்தகத்தில் எழுதவேண்டும். அதைப் பூட்டுள்ள பெட்டியில் வைக்கவேண்டும். புதிய வரி போடுவதற்கான தந்திரம் இது என்று ஜனங்கள் அஞ்சினார்கள். தொடக்கத்தில் பலர் உதிரித் தாள்களில் எழுதினார்கள். அவற்றில் பெரும்பாலானவை அழிந்தன. 1598-இல் எல்லாவற்றையும் தோலேடுகளில் படியெடுக்குமாறு கட்டளை வந்தது. குறைந்தபட்சம் எலிசபெத் அரசியின் ஆட்சித் தொடக்கமான 1558-இலிருந்தாவது எழுதினால் போதும் என்று அதில் ஒரு சலுகையும் இருந்தது. சலுகை கிடைத்தால் மனிதர் என்ன செய்வார்கள் என்பதை எந்தச் சபையின் காரியதரிசியும் அறிவார். எண்ணற்ற பதிவேடுகள் 1558-இலிருந்தே தொடங்குகின்றன.

அதே கட்டளையின்படி ஆண்டுதோறும் ஒரு பிரதி பேராயருக்கு அனுப்பப்பட வேண்டும். மூலம் எரிந்துபோன ஊர்களில் இந்தப் பிரதிகளே இன்று துணை. ஆனால் டெர்பிஷயரில் தேடுகிறவர்களை இது பெரிதும் அலைக்கழிக்கும். சேகரங்களின் மூலப் பதிவேடுகள் அந்த மாவட்டத்து மேட்லாக் நகரின் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. பேராயருக்குச் சென்ற பிரதிகளோ அங்கு இல்லை. அக்காலத்தில் டெர்பிஷயர் முழுவதும் லிச்ஃபீல்ட் பேராயத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே அவை அடுத்த மாவட்டமாகிய ஸ்டாஃபோர்ட்ஷயரில் இருக்கின்றன. மாவட்ட எல்லையும் பேராய எல்லையும் ஒன்றல்ல என்பதை மறந்தவர்கள், இல்லாத இடத்தில் தேடி வெறுங்கையாய்த் திரும்புவார்கள். நம் நாட்டிலும் பேராயங்கள் பிரிந்து பிரிந்து உண்டானவைதானே. நம் பழைய ஏடுகளைத் தேடுகிறவர்களும் இதை மனதில் கொள்வது நலம்.

நாட்காட்டியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. ஈம் கிராமத்தில் நோய் செப்டம்பரில் தொடங்கி, குளிர்காலத்தில் தணிந்து, மறு கோடையில் வெறிகொண்டது. இடைப்பட்ட ஜனவரி, பிப்ரவரி மரணங்களை எழுதினவர் 1665 என்றே எழுதுவார். நம் கணக்கில் அது 1666. இதை அறியாமல் வாசிக்கிறவர், நோய் வருவதற்கு எட்டு மாதம் முன்பே அவர்கள் மரித்துவிட்டதாகக் கணக்கிட்டுவிடுவார். ஒரு குடும்பத்தின் துயரம் முழுவதும் ஒரே எண்ணால் இடம் மாறிப்போகும்.

இனி அந்த வரியின் உள்ளடக்கம். 1813-க்கு முந்திய அடக்கப் பதிவு மிகவும் சிக்கனமானது. பெயரும் நாளும் இருக்கும். வயது பெரும்பாலும் இராது. நோயின் பெயர் அதைவிட அரிது. குழந்தையாயின் இன்னாருடைய மகன், மகள் என்று தகப்பன் பெயரோடு நிற்கும். விதவையாயின் சில இடங்களில் அவளுடைய சொந்தப் பெயர்கூட விடுபட்டு, இன்னாருடைய விதவை என்பதோடு முடிந்துவிடும். ஞானஸ்நானம் பெறாதவர், சபை விலக்கம் செய்யப்பட்டவர், தன்னுயிரை மாய்த்துக்கொண்டவர் ஆகிய மூவருக்கும் அடக்க ஆராதனை கூடாது என்று 1662-இன் ஜெபப்புத்தகம் விதித்தது. ஆராதனை இல்லாத இடத்தில் பதிவும் எளிதில் விட்டுப்போயிற்று. ஞானஸ்நானத்துக்கு முன் மரித்த பச்சிளங்குழந்தைகளை நான் இங்கே நினைக்கிறேன். இறந்து பிறந்த சிசுக்களை அரசு பதிவு செய்யத் தொடங்கியதே 1927-இல்தான். தாய்மார்கள் மட்டும் அறிந்திருந்த எத்தனையோ மரணங்கள் எந்த ஏட்டிலும் இல்லை. திருச்சபையின் ஊழியன் என்ற முறையில் இதை நான் கூச்சத்தோடே எழுதுகிறேன்.

ஈம் கிராமத்தின் பதிவேட்டுக்குத் திரும்புவோம். இன்று நமக்குக் கிடைப்பது மொம்பெசன் காலத்து மூல ஏடு அன்று. பின்வந்த ஒரு போதகர் நாளில் படியெடுக்கப்பட்ட பிரதி. ஆகையால் ஓரிரு பெயர்கள் தவறியிருக்கலாம், எழுத்துகள் மாறியிருக்கலாம். ஆனால் அதற்கு இணையாக நிற்க வேறொரு சான்று உண்டு. 1666 நவம்பரில், நோய் அடங்கிய சில நாட்களில், மொம்பெசன் எழுதிய ஒரு கடிதத்தில் 76 குடும்பங்கள் தாக்கப்பட்டன, 259 பேர் மரித்தார்கள் என்று கணக்குக் கொடுக்கிறார். வீடுகளையும் பேர்களையும் எண்ணி வைத்திருந்த மேய்ப்பரின் கணக்கு அது. மாறாக, 350 பேர் இருந்த ஊரில் 83 பேரே மிஞ்சினார்கள் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த கதை நிலைநிற்கவில்லை. அடுப்புகளை எண்ணி விதிக்கப்பட்ட அக்கால வரிப் பட்டியலையும், பின்வந்த ஆண்டுகளின் ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், ஊர் அதைவிடப் பெரியது, உயிர் தப்பினவர்களும் மிகப் பலர் என்று காட்டியிருக்கிறார்கள். அதே ஆய்வுகள், நாம் பிரசங்கங்களில் உருகிச் சொல்லும் தியாகக் கதையின் பல பகுதிகள் பிற்கால எழுத்தாளர்களால் செழுமைப்படுத்தப்பட்டவை என்றும் கூறுகின்றன. நானும் ஈம் கதையைப் பிரசங்கத்தில் சொன்னவன்தான். 83 என்ற எண்ணையும் சொல்லியிருக்கிறேன். திருத்திக்கொள்கிறேன். இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் நிற்கும் இடத்தில் கதைக்கு மெருகு தேவையில்லை.

அந்தப் பெயர்களில் ஒரு குடும்பத்தை மட்டும் சொல்லுகிறேன். ஊருக்கு வெளியே ரைலி என்னும் மேட்டுப் பண்ணையில் ஹான்காக் குடும்பத்தார் வாழ்ந்தார்கள். 1666 ஆகஸ்டில், எட்டே நாட்களுக்குள், எலிசபெத் ஹான்காக் தம் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் இழந்தார். சுமக்க ஆள் இல்லை. தாமே இழுத்துச் சென்று வீட்டருகே வயலில் புதைத்தார். இன்று அங்கே வட்டமான ஒரு சுற்றுச்சுவருக்குள் சில கற்கள் நிற்கின்றன. பதிவேட்டில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கு உள்ள அளவே இடம்: ஒருவருக்கு ஒரு வரி. எலிசபெத் தப்பிப் பிழைத்தார். ஆகையால் அந்த ஆண்டின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அழுதவளைக் காட்ட அடக்கப் பதிவேட்டில் பத்தி கிடையாது.

அதே மாதம் 25-ஆம் நாள் மொம்பெசனின் மனைவி கேத்தரின் மரித்தார். பிள்ளைகள் இருவரையும் முன்னதாகவே வெளியூருக்கு அனுப்பிவிட்டு, கணவரோடு ஊரில் தங்கியிருந்தவர். பிள்ளைகளுக்குத் தாயின் மரணத்தை அறிவித்துத் தகப்பன் எழுதிய கடிதம் உண்டு. கேத்தரினுக்கு ஆலய முற்றத்தில் கல்லறையும் உண்டு. வயல்களில் கிடப்பவர்களுக்கு இந்த இரண்டும் இல்லை என்பதை மொம்பெசனே உணர்ந்திருப்பார் என்று எண்ணுகிறேன்.

அதே 1666-இல் நாடாளுமன்றம் இன்னொரு விசித்திரமான சட்டத்தை இயற்றியது. நாட்டின் கம்பளித் தொழிலைக் காக்கும்பொருட்டு, சடலங்களைக் கம்பளித் துணியில் மட்டுமே சுற்றி அடக்கம் செய்யவேண்டும் என்றது அது. 1678-இல் இது இறுக்கப்பட்டது: எட்டு நாளுக்குள் உறவினர் ஒருவர் சத்தியப் பிரமாணம் கொடுக்கவேண்டும், தவறினால் 5 பவுன் அபராதம். அக்காலத்து அடக்கப் பதிவுகளின் ஓரத்தில் பிரமாணம் பெறப்பட்டது என்ற சிறு குறிப்பைக் காணலாம். 1783-இலிருந்து 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் முத்திரை வரி இருந்தது. பரம ஏழைகளுக்கு விலக்கு உண்டு என்பதால், அந்தப் பதினோரு ஆண்டுகளில் ஏட்டின்படி ஏழைகள் பெருகிவிட்ட ஊர்களும் உண்டு. மரித்தவரைச் சுற்றியும் வரி வசூலித்த அரசுகளுக்கு நாம் ஒரு விதத்தில் கடன்பட்டிருக்கிறோம். காசு சம்பந்தப்பட்டதால் எழுத்து கவனமாயிற்று.

1837 ஜூலை முதல் நாள் இங்கிலாந்தில் அரசே மரணங்களைப் பதிவு செய்யத் தொடங்கியது. ஈம் பகுதிக்கு அருகிலுள்ள பேக்வெல் நகரம் அதன் பதிவு வட்டமாயிற்று. இங்கேதான் மரணத்தின் காரணம், தொழில், செய்தி கொடுத்தவர் பெயர் ஆகியவை முதன்முறையாக ஒழுங்காய் இடம் பெறுகின்றன. செய்தி கொடுத்தவரின் பெயரை நான் எப்போதும் கவனித்து வாசிக்கச் சொல்லுவேன். கடைசி வேளையில் படுக்கையருகே யார் இருந்தார்கள் என்பது பல சமயம் அந்தப் பத்தியில்தான் தெரியும்: மகள், அண்டைவீட்டாள், கையெழுத்துக்குப் பதில் குறி இட்ட ஒரு முதியவர். அகில நாட்டு அட்டவணையில் தேடும்போது, மரித்த நாளின்படி அல்ல, பதிவு செய்த நாளின்படியே காலாண்டு கணக்கிடப்பட்டிருக்கும் என்பதை மறவாதிருங்கள். டிசம்பர் முடிவில் மரித்தவர் மறு ஆண்டில் இருப்பார்.

பத்திரிகைகளின் மரண அறிவிப்புகள் வேறொரு வகை. டெர்பியிலிருந்து 1732 முதல் ஒரு வாரப் பத்திரிகை வெளிவந்தது. அதில் இடம்பெறப் பிரபுவாய் இருக்கவேண்டும், அல்லது விசித்திரமாய் மரிக்கவேண்டும். இடி விழுந்தவர், ஈயச் சுரங்கத்தில் நசுங்கினவர், குடித்துவிட்டுப் பனியில் உறைந்தவர் ஆகியோருக்கு இரண்டு வரி கிடைத்தது. அறுபது ஆண்டு பால் கறந்து, பிள்ளை வளர்த்து, படுக்கையில் அமைதியாய் மரித்த மூதாட்டிக்கு ஒன்றும் இல்லை. 1855-இல் பத்திரிகை முத்திரை வரி நீங்கி, நாட்டுப்புற நகரங்களிலும் வார ஏடுகள் பெருகிய பின்புதான் நிலை சற்று மாறியது. மெதடிஸ்ட் சபையாரின் மாத இதழ்கள் மட்டும் இதற்கு ஒரு விலக்கு. சுரங்கத் தொழிலாளிக்கும் பணிப்பெண்ணுக்கும் அவை நீண்ட மரணக் குறிப்பு எழுதின: எங்கே பிறந்தார், எந்தக் கூட்டத்தில் மனந்திரும்பினார், என்ன நோயால் வருந்தினார், கடைசியாய் என்ன சொன்னார். எல்லாரும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளைச் சொல்லியே மரிக்கிறார்கள் என்பது உண்மைதான். எழுதினவரின் கை அதில் தெரிகிறது. ஆயினும் வேறெங்கும் காணக்கிடைக்காத மனிதர்கள் அங்கே பக்கம் பக்கமாய் நிற்கிறார்கள்.

எஸ்றா 2-ஆம் அதிகாரத்தில், சிறையிருப்பிலிருந்து திரும்பினவர்களில் சில ஆசாரிய குடும்பங்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் காணாமற்போய், ஆசாரிய ஊழியத்துக்கு விலக்கப்பட்டதை வாசிக்கிறோம். ஒரு தாள் இல்லாததால் ஒரு குடும்பம் தன் இடத்தை இழந்தது. பதிவேட்டின் பொறுப்பு எவ்வளவு என்பதை அந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்கும் நாங்களே எளிதில் மறந்துவிடுகிறோம். கரையான் தின்ற எங்கள் நாற்பது பக்கங்களுக்கு யாரும் திட்டமிட்டுத் தீங்கு செய்யவில்லை. பெட்டி சுவரோடு ஒட்டி, தரைமேல் இருந்தது; பல ஆண்டுகளாக ஒருவரும் அதைத் திறக்கவில்லை; அவ்வளவே. இப்போது மீதிப் பக்கங்களை வாலிபர் இருவர் ஒளிப்படம் எடுத்து வருகிறார்கள். பதிவேடு இரும்பு அலமாரிக்கு மாறியிருக்கிறது.

அந்தச் சகோதரியின் பாட்டனார் பெயர் கிடைக்கவில்லை. அவர் இருந்திருக்கவேண்டிய பக்கம் பொடியாகிவிட்டது. ஆனால் மூன்று மணிநேரம் தேடினபின், பாதி மிஞ்சிய ஒரு தாளில் அவருடைய கொள்ளுப்பாட்டனாரின் பெயர் தகப்பன் என்ற இடத்தில் வந்தது. பெண் குழந்தை, வயது மூன்று, அதே தெரு. பாட்டனாருக்கு ஒரு தங்கை இருந்ததாகக் குடும்பத்தில் எவரும் சொன்னதில்லையாம். சகோதரி அந்தப் பெயரை இருமுறை வாய்விட்டு வாசித்தார். பின்பு பையிலிருந்து பேனாவை எடுத்து, தாம் கொண்டுவந்திருந்த வாரிசு விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார்.